செவ்வாய்க்கிழமைக்காரன்

முதல் நாள் நோட்டில் இப்படித்தான் எழுதினேன்:
ஜெனரேட்டர் 1, கோல் வலைக்குக் கயிறு 2 கட்டு,
ஆப்பிரிக்கா ஆள் 1, ஆட்டத்துக்கு மூவாயிரம்,
திரூரிலிருந்து ரயில் தனி.
பெயர் கேட்கத் தோன்றவில்லை.

குழித்துறை ஸ்டேஷனில் இறங்கினான்.
நித்திரவிளை தாண்டுமுன்னே
ஜீப்பில் மூக்கை உயர்த்தி ஏதோ ஒரு சொல் சொன்னான்.
கருவாடு என்பதற்கு அவன் கரையின் சொல்லாம்.

எபோ.
செவ்வாய்க்கிழமை பிறந்தவனைச் செகோண்டியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.
அங்கே செவ்வாய்க்கிழமை வள்ளம் இறக்கக் கூடாது,
கடலுக்கு அன்று லீவு.
இங்கே ஞாயிறு, என்றேன்.
"அதான் ஞாயிற்றுக்கிழமை என்னெ ஓட விடுந்நு,"
உடைந்த மலையாளத்தில் சிரித்தான்.

சூரை மீன் குழம்பை வழித்துச் சாப்பிட்டபடி சொன்னது இவ்வளவுதான்:
பதினேழு வயதில் ஓர் ஏஜென்ட்,
மாமா தன் வள்ளத்து எஞ்சினை விற்ற காசை வாங்கிக்கொண்டு
இஸ்தான்புல்லில் விட்டுப் போனான்.
அங்கே கண்ட லாபம், பனி.
பிறகு சிட்டகாங், பாதி சீசன்.
கொல்கத்தாவில் ஏழு மாத ஆட்டம், நாலு மாதச் சம்பளம்.
இப்போது மலப்புறத்து வயல்களில் ராத்திரி ராத்திரியாக செவன்ஸ்,
இன்றைக்கு ஒரு சட்டை, நாளைக்கு எதிராளியின் சட்டை.
ஒவ்வோர் ஊரையும் முள் எடுத்து வைப்பதுபோல்
இலை ஓரத்தில் வைத்தான்.

சின்னத்துறை மணலில் முதல் ஆட்டத்தில் இரண்டு கோல்.
மைக்கில் அச்சனின் குரல் உடைந்துவிட்டது.
என் தம்பி ததேயுஸ் அப்போது லட்சத்தீவுக்கும் மேற்கே
சுறாத் தூண்டிலோடு இருபத்தாறாம் நாள்.
போட்டிலிருந்து போட்டுக்கு வயர்லெஸ்ஸில் தாவித் தாவி
சேதி அவனிடம் போனபோது
"நம்ம ஆளு ரெண்டு போட்டாம்லே" என்று போனது.
நான் நோட்டை எடுத்து
ஆப்பிரிக்கா என்பதை அடித்து
எபோ என்று எழுதினேன்.

அரையிறுதி. மார்த்தாண்டன்துறைக்காரர்கள் மேல் குற்றமில்லை,
பக்கத்தில்கூட எவனும் இல்லை.
திரும்பினான், கால் மட்டும் திரும்பவில்லை.
டிக்கெட் எண்ணிக்கொண்டிருந்த மேசை வரைக்கும் கேட்டது
காய்ந்த மட்டை ஒடிகிற சத்தம்.
விழுந்தவன் கத்தவில்லை.
சட்டையைக் கழற்றி முழங்கால்மேல் போட்டான்,
திருடிய பொருளை மறைக்கிற அவசரத்தில்.

மார்த்தாண்டம் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து
படம் வருவதற்குள் என் கையைப் பிடித்தான்.
எழுதாதே.
மானேஜர் காதுக்குப் போனால் இந்த சீசன் போச்சு,
சீசன் போனால் விசா போச்சு.
இறுதி ஆட்டத்துக்கு அவன் ஏன் இல்லை என்று
செக்ரட்டரி பெல்லார்மின் கேட்டார்.
விசா வேலையாகப் போய்விட்டான், என்றேன்.
ஸ்கேன் காசு நாலாயிரத்து இருநூறை
ஜெனரேட்டர் ரிப்பேர் என்று எழுதினேன்.
பதினோரு வருசமாகக் கணக்கு எழுதுகிறேன்,
அந்த ஒரு வரிதான் பொய்.

இறுதியில் தோற்றோம். அது வேறு கதை.

அவன் வாங்காமல் போன ஆயிரத்து ஐந்நூறு
ஒவ்வொரு வருசமும் முன்பாக்கியாக நோட்டில் ஏறுகிறது.
புதுக் கமிட்டிப் பையன் ஜெனிஸ்டன் கேட்கிறான்,
"இது யாருக்கண்ணே, தள்ளிரட்டா?"
"கிடக்கட்டும்."

செவ்வாய்க்கிழமைகளில் போட்டோ வரும்.
மாலேயில் ஒரு கிளப் சட்டை.
மஸ்கட்டில் வேறொன்று, பின்னால் ஃபோர்க்லிஃப்ட் நிற்கிறது.
இன்னும் ஆடறேன், என்று கீழே எழுதியிருப்பான்.
எல்லாப் படமும் இடுப்போடு முடிந்துவிடும்.

நேற்றும் செவ்வாய்தான்.
ததேயுஸின் போட்டுக்கு ஐஸ் ஏறிக்கொண்டிருந்தது,
இத்தனை பார் என்று எண்ணிக்கொண்டே பார்த்தேன்:

இந்த வருசம் கப்புக்கு
ஆள் வேணுமா?

இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது.
நான் பார்த்துவிட்டேன் என்று
அவனுக்குத் தெரியும்.