வடக்குப் புறம்

கட்டம் போட்ட தாள். ஒரு கட்டம் ஒரு கஜம்.
தேவாலயத்தின் வடக்குப் புறத்தை
முதல் நாளே வரைந்து முடித்துவிட்டேன்:
வாசலிலிருந்து யூ மரம் வரை நேர்ப்பாதை,
நடுவில் வட்டமாய் ஒரு நீர்த்தொட்டி,
சாம்பல் புதைக்க நாற்பது சிறு குழிகள்,
இருபுறமும் லாவெண்டர்.

குழுவில் ஆறு பேர்.
பெஞ்சு ஓக்கா இரும்பா என்பதற்கே
ஒன்றரை மணி நேரம்.
"லாவெண்டர் இந்த ஈரத்துக்கு அழுகும்" என்றார்
பொருளாளர் இட்வல் பாரி.
அழுகும்தான்.
அடித்துவிட்டுப் பெரணி என்று எழுதினேன்.

வேல்ஸில் மழை பெய்வதில்லை,
சும்மா வந்து நிற்கிறது.
அப்படி அது நின்ற ஒரு வியாழக்கிழமை
மண் பார்க்கப் போனேன்.
நீல மழைச்சட்டையில் ஒரு பெண்
மதிலோரம் வந்தாள்.
தபாலகத்து டெக்வென்.
சிலுவையில்லை, கல்லில்லை,
வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டு
ஒரு கெட்டில் கொதிக்கும் நேரம் நின்றாள்.
பிறகு பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு
போய்விட்டாள்.

அடுத்த வியாழனும்.
அதற்கடுத்ததும்.

பதிவேட்டில் அந்த மூலைக்குப் பக்கமே இல்லை.

மண் ஆழம் பார்க்கும் கம்பியை
நீர்த்தொட்டிக்குக் குறித்த இடத்தில் இறக்கினேன்.
களிமண், கல், களிமண்.
பிறகு திடீரென்று இளகி வழிவிட்டது.
ஒரு முழ நீளத்துக்கு இளக்கம்.
மறுபடி கல்.
மறுபடி ஒரு முழம்.
பதினேழு வரை எண்ணினேன்.
பதினேழாவதில்தான் புரிந்தது,
எவற்றை எண்ணுகிறேன் என்று.

ஞானஸ்நானத்துக்கு முந்திக்கொண்டவை.
மணி அடிக்காமல்,
இருட்டில், யாரோ ஒரு தகப்பன் கையில்
வந்து சேர்ந்தவை.

கம்பியை உருவித் துடைத்தேன்.
துடைத்த துணியை எங்கே போடுவதென்று தெரியாமல்
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று இரவு ரப்பர் தேயத் தேய அழித்தேன்.
தொட்டி போயிற்று. குழிகள் தெற்கே நகர்ந்தன.
பாதை, தூங்கும் பிள்ளையைத் தாண்டாமல்
சுற்றிப் போகிறவள்போல்
மதிலருகே வளைந்தது.

"நேராய்ப் போனால் என்ன?
வளைவுக்கு நூற்றிநாற்பது பவுண்டு கூடுதல்."
"தண்ணீர் தேங்கும்" என்றேன்.
தேவாலயத்துக்குள் உட்கார்ந்து சொன்ன பொய்.
ஐந்துக்கு ஒன்று. நிறைவேறியது.
அந்த ஒன்று இட்வல்.

ஜூனில் ஆயர் வந்து ஜெபித்தார்,
சாண்ட்விச் கொடுத்தார்கள்.
டெக்வென் வரவில்லை.

வியாழக்கிழமை வந்தாள்.
புதுச் சரளை காலடியில் நெறுநெறுக்க
வளைவு வரை நடந்து, நின்று,
பெஞ்சைப் பார்த்தாள். அதன் முகம் மதில் பக்கம்.
எல்லா பெஞ்சுகளும் மலையைப் பார்க்க
இது ஒன்று மட்டும் புல்லைப் பார்க்கிறது.

"இங்கே புல் வெட்டுவீர்களா?"
"விதை உதிரும் வரை மாட்டோம்."
"ம்" என்றாள்.

ஓரத்தில் உட்கார்ந்தாள்,
இன்னொருவருக்கு இடம் விட்டு.