முடித்து வைக்கப்பட்ட புகார்

புயல் போன மறுநாள்
அயனாவரம் மூணாவது தெருவில்
எங்கள் வேம்பு
ஒரு மாருதி காரின் மேல் தலைவைத்துக் கிடந்தது.
கார் யாருடையது என்று எல்லாருக்கும் கவலை.
எனக்கு ஜன்னல்.

பத்தொன்பது வருஷமாய்
தெருவிளக்குக்கும் என் கட்டிலுக்கும் நடுவே
இலைதான் திரை.
கரண்ட் திரும்பிய இரவில்
விளக்கு நேரே உள்ளே வந்து
என் முகத்தின் மேல் உட்கார்ந்தது.
வெள்ளை வெளிச்சம், ஆஸ்பத்திரி வெளிச்சம்.
பழைய புடவையைத் தைத்துத் தொங்கவிட்டேன்;
காற்று நின்றது, கொசு வந்தது,
வெளிச்சம் மட்டும் ஓரத்தில்
வழி கண்டுபிடித்தது.

மாநகராட்சிக்குப் புகார் செய்தேன்.
மூன்றாம் நாள் குறுஞ்செய்தி:
தங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது.
முடித்து வைத்தவர் யாரோ,
அவராவது நன்றாகத் தூங்கட்டும்.

மரம் அறுக்க வந்தவர்கள்
டீ குடிக்கப் போன நேரம்
குவியலைக் கிளறினேன்.
கவட்டைகள் நூறு.
ஒன்று ரொம்ப விரிந்தது,
ஒன்றுக்கு ஒரு கை நோஞ்சான்,
ஒன்றில் எறும்பு குடியிருந்தது.
அடியில் கிடந்தது நான் தேடியது:
இரண்டு கிளையும் ஒரே கனம்,
ஒரே கோபத்தில் பாகம் பிரித்த
அண்ணன் தம்பி மாதிரி.
துணைக்கு இன்னொன்றும் எடுத்தேன்.
"அடுப்புக்கா அக்கா?" என்றான் ரம்பக்காரன்.
ம் என்றேன்.

காய்கறிக் கத்தியால் பட்டை சீவினேன்.
உள்ளே ஈர மஞ்சள்.
விரலெல்லாம் கசப்பு;
அன்று வைத்த ரசத்திலும் அது இருந்தது.
நிழலில்தான் காயவேண்டும் என்று
யாரும் சொல்லவில்லை,
வெயிலில் வைத்த துணைக்கவட்டை
வெடித்துச் சொன்னது.

பங்க்சர் கடை ஏழுமலை
பழைய சைக்கிள் டியூபை இழுத்துப் பார்த்தார்.
"பையனுக்கா?"
"எனக்கு."
கத்தரி ஒரு நொடி நின்றது.
பிறகு விரல் அகலத்தில் இரண்டு வார்,
ஸ்கேல் வைத்ததுபோல.
காசு வாங்கவில்லை.

கல் வைக்கும் தோலுக்கு
ஸ்டீபன் விட்டுப்போன ஷூவின்
நாக்கை அறுத்தேன்.
அந்த வீட்டு நாக்குகளில்
உபயோகப்பட்டது அது ஒன்றுதான்.

இரவு பதினொன்றரை. மொட்டைமாடி.
கவட்டைக்கு நடுவே விளக்கைப் பிடித்தேன்,
காதுவரை இழுத்தேன்,
விட்டேன்.
கம்பத்தில் பட்டது ஜல்லி. டங்.
அந்த டங் பெரம்பூர் லோகோ வரை போயிருக்கும்.
நாய்கள் எழுந்து சாட்சி சொல்லின.
எதிர்வீட்டு வில்வநாதன்,
ரிட்டயர்டு ரயில்வே கார்டு,
டார்ச்சோடு வெளியே வந்தார்.
நான் கைப்பிடிச் சுவருக்குக் கீழே குனிந்துகொண்டேன்,
நாற்பத்து நாலு வயதில்.

விடிந்தபோது
தீனாவின் காது அவர் கையில் இருந்தது.
ஏழாம் வகுப்பு.
கிரிக்கெட் பாலால் அவர் வீட்டுக் கண்ணாடியை உடைத்த
பழைய சரித்திரம் வேறு.

"சார், விடுங்க. நான்தான்."
தெரு சிரித்தது.
"பாவம் பாக்காத பியூலா."
கவட்டையைக் காட்டினேன்.
"இவன்கிட்ட பிடுங்கினதுதானே?"

எட்டு நாள் நான் சீவிக் காயவைத்ததை
ஒரு பொடியன் கணக்கில் எழுதுகிறார்கள்.
அதுதான் பொறுக்கவில்லை.

தரையிலிருந்து ஒரு ஜல்லி.
நடுத்தெருவில், நைட்டிமேல் துண்டோடு நின்று
ஒரு கண்ணை மூடினேன்.
பால்காரர் வண்டியை நிறுத்தினார்.

க்ரக்.

காது விடுபட்டது.
யாரும் வாய் திறக்கவில்லை.
தீனா மட்டும் கிட்ட வந்து,
தடவிக்கொண்டே,
"ஆண்ட்டி, லெஃப்ட் ரப்பர் கொஞ்சம் லூசு" என்றான்.

விளக்கு சாகவில்லை.
பாதி எரிகிறது.
வில்வநாதன் புகார் கொடுத்திருக்கிறார்,
அதையும் முடித்து வைத்துவிட்டார்களாம்.
என் கட்டிலில் சுவரோரப் பாதி இப்போது இருட்டு.
அங்கே ஒருக்களித்துப் படுக்கிறேன்,
கன்னத்தின் கீழே கை,
கையில் இன்னும்
கசப்பு.