ஒரே அலமாரி

வியாழன் காலை பத்து மணிக்கு
என் பின்னால் நானூறு புத்தகங்கள்.
ஒன்றைக்கூட நான் வாசித்ததில்லை.
மூன்றாம் தட்டில் பச்சைப் பூச்சாடி,
அதற்கு வலப்புறம் ஓர் அணைந்த விளக்கு.
நிறுவனம் தந்த பன்னிரண்டு படங்களில்
கடற்கரைகளைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது இதுதான்.
ஜூலை மாதக் காற்றில்
மான்ட்டிவிடியோவில் ஒருத்தி
கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால்
யார் நம்புவார்கள்?

அலமாரிக்குப் பின்னால்
என் தங்கையின் கார்க் கொட்டகை.
பெயிண்ட் டப்பாக்கள், ஒரு சக்கரம் போன சைக்கிள்,
அவள் மகனின் சேறு காயாத பூட்ஸ்,
எனக்கென்று விரித்த மடக்குக் கட்டில்.
மார்ச்சிலிருந்து இதுதான் முகவரி.
அலுவலகத்தில் இன்னும் மாற்றவில்லை.
மாற்றப் போனால் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் வரும்.

கணினியின் கணக்கு எளிது:
முகம் என்றால் ஆள்,
மற்றதெல்லாம் பின்னணி.
தலையைத் திருப்பினால் ஒரு காது போகும்.
சிரித்துச் சாய்ந்தால்
தோள் புத்தகங்களுக்குள் போய்த் திரும்பும்.
மாத்தே குடிக்கக் குடுக்கையைத் தூக்கினால்
குடுக்கை இருக்காது,
வெள்ளிக் குழல் மட்டும் உதட்டில் மினுங்கும்.
முழுப் பூசணியை மறைக்கக்
கொஞ்சம் சோறாவது வேண்டும்.
இங்கே ஒரு சுரைக்குடுக்கைக்கு
வெறும் காற்றே போதும்.

வில்மார் எட்செவெரிக்கும் அதே அலமாரி.
அதே சாடி, அதே அணைந்த விளக்கு.
வாகன இழப்பீட்டுப் பிரிவு. நேரில் பார்த்ததில்லை.
திரையில் என் கட்டத்துக்கு அடுத்த கட்டம்.
“நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீடா?”
மேலாளர் இராசாபல் கேட்டார்.
எல்லோரும் சிரித்தார்கள்,
ஒலி அணைத்த பதினோரு வாய்கள்.
அன்றிலிருந்து அந்த விளக்கின் மேல்
எனக்கு ஓர் உரிமை.
அவர் பக்கம் ஒருநாள் அது எரியுமோ என்றுகூட...
வேண்டாம்.
நாற்பத்தாறு வயதில் இதையெல்லாம் எழுதக் கூடாது.

போன வாரம்
ஆலங்கட்டி மழையில் நசுங்கிய கார்களை
ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்.
பதினேழாவது காரில்
அலமாரி ஒரு கணம் கழன்றது.

வெளிறிய நீலத் திரைச்சீலை.
பக்கக் கம்பி வைத்த கட்டில்.
போர்வைக்கு வெளியே ஒரு பாதம்,
மிகச் சிறியது,
காலுறையில் டைனோசர்.

பிறகு நானூறு புத்தகங்களும் ஓடி வந்து
வரிசையில் நின்றுகொண்டன.
அவர் பதினெட்டாவது காருக்குப் போனார்.
குரல் பிசகவில்லை.
கோப்பு எண்ணை இன்னொரு தரம் சொல்லும்படி
யாரோ கேட்டார்கள். சொன்னார்.

தனிச்செய்திப் பெட்டியைத் திறந்தேன்.
‘எந்த ஆஸ்பத்திரி?’ அழித்தேன்.
‘ஏதாவது உதவி’ என்று தொடங்கி
பாதியில் அழித்தேன்.
அப்புறம் விரல் என்னைக் கேட்காமலே
மூலையில் இருந்த பொத்தானுக்குப் போனது.
கொட்டகை வந்தது.
டப்பாக்கள், சைக்கிள், பூட்ஸ்,
மடிக்க மறந்த கட்டில்மேல் என் இரவு உடை.

“சுலேமா, உங்கள் அலமாரி விழுந்துவிட்டது.”
“விழவில்லை. நான்தான் இறக்கி வைத்தேன்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.
வில்மார் எங்கே பார்த்தார் என்று தெரியாது.
திரையில் யார் கண் யாரிடம் என்று
யாரால் சொல்ல முடியும்?
குடுக்கையைத் தூக்கினேன்.
முழுசாகத் தெரிந்தது,
விரிசலும்,
விரிசலைச் சுற்றி ஒட்டிய கறுப்பு டேப்பும்.

எங்கள் ஊரில்
குடுக்கையைத் திருப்பித் தருகிறவர்
நன்றி என்று சொன்னால்
போதும், இனி ஊற்றாதே என்று பொருள்.

கூட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கையில்
பெட்டியில் அவர் பெயர் எரிந்தது.
நன்றி இல்லை.
‘தண்ணீர் இன்னும் சூடாக இருக்கிறதா?’

கை நீட்டி
பிளாஸ்க்கைத் தொட்டுப் பார்த்தேன்.