ஒரே வாய்க்கால்

கிரிஃபித், நீர்ப்பங்கீட்டு அலுவலகம், இரண்டாம் அறை.
ஏசி இரைகிறது.
இடப்பக்கம் நாச்சிமுத்து: ஆரஞ்சு, இருபது ஹெக்டேர்.
வலப்பக்கம் ரெனாட்டோ: திராட்சை, அதைவிடக் கொஞ்சம் கூட.
நடுவில் நான். வாகாவிலிருந்து நூற்றெண்பது கிலோமீட்டர்
காரோட்டி வந்த வாடகை நாக்கு.

கடிதத்தில் வக்கீல் 'ரைவல்' என்று எழுதியிருந்தார்.
எதிரி என்று சொல்லலாமா?
அது துப்பாக்கி பிடித்த சொல்.
போட்டியாளர்? அது ஓட்டப்பந்தயம்;
இங்கே யாரும் ஓடவில்லை, தண்ணீர்கூட.
"அப்புறம் சொல்றேங்க" என்று கடந்துவிட்டேன்.
மொழிபெயர்ப்பாளர் வாயில் வரக் கூடாத வாக்கியம்.

மதியம் காருக்குள்
ஒரு கையில் தயிர்சாதம், மறுகையில் கைபேசி அகராதி.
லத்தீன். ரீவுஸ் என்றால் ஓடை.
ரிவாலிஸ் என்றால்
அதே ஓடையில் தண்ணீர் எடுக்கிற இன்னொருவன்.
அவ்வளவுதான்.
பகை பிறகு வந்து படிந்தது, வாய்க்காலில் பாசி மாதிரி.

ஸ்பூனைக் கீழே வைத்தேன்.
பங்கு இருப்பதால் பங்காளி.
அதே பங்கு இருப்பதால்தான் வெட்டுக்குத்தும்.
ரோமாபுரியில் எவனோ
விடியுமுன் அடுத்தவன் மடையை அடைத்துவிட்டு
ஒன்றும் தெரியாதவன்போல் முகம் கழுவியிருக்கிறான்.
காலையெல்லாம் என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்
அந்தச் சொல்லுக்குத் தூரத்து வாரிசு.

இரண்டு மணிக்குச் சொன்னேன்:
"அவர் உங்க பங்காளின்னு எழுதியிருக்குங்க."
நாச்சிமுத்து சிரிக்கவில்லை. யோசித்தார்.
"அப்ப அந்தாளு செத்தா எனக்கும் தீட்டுங்களா?"

எதையும் விடாமல் சொல்ல வேண்டும் என்பது விதி.
தீட்டுக்கு ஆங்கிலத்தில் சொல் கிடைக்கவில்லை.
நீங்கள் இறந்தால்
தன் வீட்டிலும் சில நாள் விளக்கு, பூசை,
விசேஷம் எதுவும் கூடாதா என்று கேட்கிறார்,
என்று நீட்டி முழக்கினேன்.

ரெனாட்டோ தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
"போன மார்ச்சில் என் அண்ணனைப் புதைத்த அன்று
முறை இவருடையது.
இவர் மதகைத் திறக்கவில்லை.
மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.
அந்தத் தண்ணீரை நான் எடுத்துக்கொண்டேன்."

தமிழில் சொல்லும்போது
கடைசி வரியில் எனக்குத் தொண்டை தடுக்கியது.
நாச்சிமுத்து சன்னலைப் பார்த்தபடி,
"தெரியும்னு சொல்லுங்க" என்றார்.

எத்தனை மெகாலிட்டர் என்று கேட்டார் அதிகாரி,
பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே.