பிரேக் கட்டை

கீழே மேட்டுப்பாளையத்தில் சைக்கிள் கடை என்றால்
காற்றடிக்க வருவார்கள்.
டானிங்டன் வளைவில் என் கடைக்கு வருகிறவர்களுக்கு
நிற்க வேண்டும், அவ்வளவுதான்.
பிரேக் கட்டை, பிரேக் கம்பி, மறுபடி பிரேக் கட்டை.
சங்கிலிக்கு இந்த ஊரில் பெரிய வேலையில்லை.
இறங்கும்போது சும்மா கிடக்கும்,
ஏறும்போது ஆள் தள்ளுவான்.

ஆறரைக்கு ஷட்டர் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.
ஓர் உதை.
முதல் ஆள் போஜன்.
சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு
காலிக் கேனோடு வந்து நின்று
"கீச்சுங்குது அக்கா" என்பார்.
எது என்று சொல்ல மாட்டார்.
சைக்கிளா, முட்டியா, வீட்டுக்காரியா,
ஒவ்வொன்றாகக் கேட்டு நானேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

சனிக்கிழமையானால் பையன்கள்.
கட்டபெட்டு வரை பிக்கப்பில் ஏற்றிப் போய்
ஒரு மிதி மிதிக்காமல்
என் வாசலில் வந்து விழுவார்கள்.
ரப்பர் கருகிய வாசனையை வைத்தே சொல்லிவிடுவேன்
எத்தனை பேர் என்று.

மார்கழியில் ஒரு கரடி வந்தது.
பின்கதவைப் பிளந்து
தேங்காய் எண்ணெயைக் குடித்து
கிரீஸ் டப்பாவை நக்கிப் பார்த்து
(பிடிக்கவில்லை போல, துப்பியிருந்தது)
இரண்டு சீட்டைக் கிழித்துப் போட்டிருந்தது.
நஷ்டம் எவ்வளவு என்றார் வனத்துறைக்காரர்.
கடன் நோட்டைத் தொடவில்லை சார், என்றேன்.
அதைத் தின்றிருந்தால்
நாலு பேர் சேர்ந்து அதற்குக் கோயில் கட்டியிருப்பார்கள்.

அந்த நோட்டில் ஒன்பது வரி சோம்ராவுக்கு.
ஜார்கண்டிலிருந்து வந்தவன், எஸ்டேட்டில் கவாத்து வேலை.
மூலையில் கிடந்த பச்சை சைக்கிளைக் காட்டி
விரல்களை மடக்கி மடக்கிக் கணக்குச் சொன்னான்.
வாரம் இருநூறு.
ஞாயிறு தவறவில்லை.
நோட்டில் ஈரம், தேயிலைக் கறை.

ஒன்பதாம் ஞாயிறு
வண்டியை வாங்கி உருட்டிக்கொண்டு போனான்.
அடுத்த ஞாயிறும் உருட்டிக்கொண்டு வந்தான்,
கேரியரில் அரிசி, ஹேண்டிலில் உருளைக்கிழங்கு.
ஏற்றத்தில் சரி.
இறக்கத்திலும் உருட்டினான்.
இந்த ஊருக்கென்று இருக்கிற அறுபதடி சமதரை,
ரேஷன் கடை முதல் மாரியம்மன் கோயில் வரை,
அதிலும் கூடவே நடந்தான்
மாட்டைப் பிடித்துக்கொண்டு போகிறவன் மாதிரி.
வளைவில் மட்டும் மறக்காமல் மணியடித்தான்.

எஸ்தர் டீச்சர் மகளின் குட்டிச் சைக்கிளில்
பக்கச் சக்கரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் முறை. கழற்றுவாள், அழுவாள், மாட்டுவாள்.
சோம்ரா ஒன்றை எடுத்துப் பார்த்தான்.
பச்சை சைக்கிளின் பின்சக்கரத்தோடு
ஒட்டி வைத்துப் பார்த்தான்.
இதற்கு உண்டா, என்று புருவத்தால் கேட்டான்.
நான் சிரித்துவிட்டேன்.
டீச்சர் மகள் சிரிக்கவில்லை.
அவனும் சிரிக்கவில்லை.
கீழே வைத்துவிட்டுப் போனான்.

பிறகு மழை.
இரண்டு மாதம் ஆளில்லை.
வேறு கடைக்குப் போகிறானோ என்று நினைத்தேன்,
வேறு கடையே கிடையாது என்பதை
அப்புறம்தான் நினைத்தேன்.

ஐப்பசியில் வந்தான். முழங்கையில் ஆறிய காயம்,
தாடையில் ஒரு கீறல்.
மட்கார்டு நெளிந்திருந்தது, மணியைக் காணோம்.
பின்சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன்:
கட்டை இரண்டும்
இரும்பு தெரியத் தேய்ந்திருந்தன.

எத்தனை இறக்கம் இறங்கினால்
இப்படித் தேயும் என்று எனக்குத் தெரியும்.
எவ்வளவு, என்றான். தமிழில்.
சொன்னேன்.
குறைத்துக்கொள், என்றான். அதுவும் தமிழில்.
குறைக்கவில்லை.

காலைத் தூக்கிப் போட்டு ஏறி
அரவேணுப் பக்கம் இறங்கினான்.
புதுக் கட்டை இரண்டு நாள் சத்தம் போடும்
என்று சொல்ல மறந்துவிட்டேன்.
வளைவு தாண்டியும் கேட்டது.
"கீச்சுங்குது" என்றார் போஜன்,
கேனை இறக்கி வைத்து.
இந்தத் தடவை எது என்று நான் கேட்கவில்லை.