நாற்பத்திரண்டு

ஆஹோ என்றால் எங்கள் வீட்டு ஸ்பானியத்தில் பூண்டு.
அரிசோனாவின் அடிவயிற்றில் ஒரு பல்.
உரிக்க உரிக்க வெயில்.

தோலில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது ஓரினிடம்.
புதையல் தேடிப் போகிறவர்கள் போட்டுத் திரிந்த வெட்டு,
காய்ந்த ரத்தத்தின் பழுப்பு.
வருஷத்தில் நான்கு நாள் போடலாம்.
அதில் ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.
மற்ற நாளெல்லாம் அலமாரிக்குள் நின்றபடி
என் உடுப்புகளுக்கு மாட்டு வாசனையைப் பங்கு வைக்கும்.

அதனால் பருத்தியில் ஒன்று.
அதே காலர், அதே பித்தளை ஜிப்,
இடுப்பின் இருபுறமும் வாரும் வளையமும்,
முதுகில் தோளோரம் இரண்டு மடிப்பு;
கையை வீசினால் விரியும், இறக்கினால் மூடும்,
மீன் செவுள் மாதிரி.
"காற்று போகும், செலா."
ஏதோ காற்றை அவனே நெய்ததைப் போலச் சொன்னான்.

துணி டேப் இல்லை வீட்டில்.
தச்சு வேலைக்கான இரும்பு டேப்பை மார்பில் சுற்றினேன்.
ஜில்லென்று பட்டதும் வயிறு உள்ளே போயிற்று.
விடு மூச்சை.
விட்டாச்சு.
இன்னும்.
வெளியே வந்தது இரண்டு அங்குலம்,
பதினாறு வருஷத்துச் சோள ரொட்டி.
நாற்பத்து நான்கு என்றேன்.
நாற்பத்திரண்டு என்று எழுதினான்.

இத்தனைக்கும் அளவெடுப்பதுதான் அவன் பிழைப்பு.
தெருத்தெருவாக இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கி,
குனிந்து, தண்ணீர் மீட்டர் படிப்பவன்.
ஊரார் குடித்ததைக் கடைசிச் சொட்டு வரை
பிசகாமல் எழுதுகிற அதே கை.

ஜூலையில் வந்தது.
தோள் சரி. கை சரி.
கீழ் விளிம்பு இடுப்பெலும்போடு நின்றது,
அப்படித்தான் நிற்கணுமாம், குதிரை ஏற வசதி.
குதிரை எங்கே? வாசலில் வெள்ளை வேன்.
ஜிப்பைக் கோக்க மறுபடி மூச்சைப் பிடித்தான்,
பிறகு விட்டுவிட்டான்.
"திறந்து போடுகிற ஜாக்கெட் இது."

மறுநாள் ட்ரெவினோ வீட்டு மூடிக்கு அடியில்
ஒரு கிலுகிலுப்பைப் பாம்பு.
பின்னால் துள்ளியிருக்கிறான்.
இரண்டு மடிப்பும் படக்கென்று விரிந்தனவாம்,
ஒரு தையல் விடவில்லையாம்.
சாயங்காலம் மூன்று தடவை நடித்துக் காட்டினான்.
தடவைக்கு ஓரடி வளர்ந்தது பாம்பு.

முதுகெல்லாம் உப்புக் கோடு.
கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள்.
இது கந்தைகூட இல்லை, புதுசு. கசக்கினேன்.
வெந்நீரில்.
கூடாது என்று காலருக்குள் எழுதியிருந்தது.
எறும்பு எழுத்து, நான் கண்ணாடி போடவில்லை.

கொடியிலிருந்து எடுத்தபோது நாற்பது.
ஓரின் என்னைத் திட்டவில்லை.
மடியில் வைத்துக்கொண்டு
ஜிப்பை மேலும் கீழும் ஓட்டினான், வெகுநேரம்,
செத்த வானொலியில் ஸ்டேஷன் தேடுகிறவனைப் போல.

அன்று ராத்திரிதான் முதல் மழை.
நனைந்த புதர்களின் தார் வாசனை.
கொல்லைக் கதவு அடித்துக்கொண்டே இருந்தது.
கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போனேன்.

கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது:
தோள் உட்கார்ந்திருக்கிறது.
கை மணிக்கட்டில் முடிகிறது.
ஜிப் தொண்டை வரை ஏறுகிறது.
உள்பக்கம் ஒரு பை,
என் உடுப்பு எதிலும் இல்லாத ஆழம்,
டார்ச்சைப் போட்டேன், சாவியைப் போட்டேன்,
இன்னும் இடம் இருந்தது.

திரும்பி வந்திருக்கலாம்.
பதினொரு மாதம் மணலாகக் கிடக்கும் ஓடை
இருட்டில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தது.
பார்க்கப் போனேன்.

வந்தபோது வாசலில் நின்றான், விளக்கு அவனுக்குப் பின்னால்.
"திரும்பு" என்றான். திரும்பினேன்.
"கையை வீசு." வீசினேன்.
மடிப்பு விரிந்திருக்க வேண்டும், அவன் சத்தமே இல்லை.

"எனக்கு நாற்பத்தாறு எழுது" என்றான் பிறகு.
"நாற்பத்து நான்கு எனக்கு. இரண்டு உன் வெந்நீருக்கு."

துண்டு எடுத்து நீட்டியபடி கேட்டான்,
ஓடையில் தண்ணீர் எவ்வளவு?
முட்டிக்கு மேலே என்றேன்.

கணுக்கால்தான்.