பதினேழாம் எண் பெட்டி

பெட்டி ஒரு டிபன் பாக்ஸ் அளவு.
கணுக்காலுக்கு மேல் பட்டை போட்டுக் கட்டுவேன்.
அதிலிருந்து ஒரு குழாய், சேமியா கனம்,
கட்டுக்குள் நுழைந்து புண்ணோரம் போய் நிற்கும்.
பிராணவாயு வரும் என்கிறது கையேடு.
பாதிப் பெட்டிகளில் வராது.
எந்தப் பாதி என்று எனக்குத் தெரியாது,
டாக்டருக்கும் தெரியாது.
பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டருக்குத் தெரியும்.
பச்சை விளக்கு மட்டும்
எல்லாவற்றிலும் எரியும்.

ஒப்புதல் படிவத்தை உரக்கப் படித்தேன்:
'தங்களுக்கு அளிக்கப்படுவது செயல்படும் கருவியாகவோ
செயல்படாத கருவியாகவோ இருக்கலாம்.'
"லாட்டரியா மேடம்?" என்றார் தேசப்பன்.
அது மாதிரிதான்.
"அத்த கவர்மெண்டே நிறுத்திட்டாங்களே"
சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கன்டெய்னர் லாரி. இருபத்து மூன்று வருஷம்.
எண்ணூர் ரோட்டில் துறைமுக வாசலுக்கு வரிசை கட்டி
ரெண்டு ராத்திரி, சில வாரம் மூணு.
இஞ்சின் சூடு ஏறும் தகரத்தின் மேல் வலது பாதம்.
பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் நடுவே
எந்த வருஷம் அது அவரை விட்டுப் போனதோ,
ஆணி ஏறியதே தெரியவில்லை.
"செருப்பு கழல மாட்டேன்னுச்சு மேடம்.
இன்னாடான்னு திருப்பிப் பாத்தேன்."

செவ்வாய்தோறும்
புண்ணின் மேல் கண்ணாடித்தாள் விரித்து
ஓரத்தை மார்க்கரால் வரைவேன்.
கட்டங்களை எண்ணுவேன்.
ஆறு புள்ளி நாலு சதுர சென்டிமீட்டர்.
அஞ்சு புள்ளி ஒன்பது.
மறுபடி ஆறு.
நாலு புள்ளி ஏழு.
தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் அடுக்கிப் பிடித்தால்
ஏதோ ஏரி வற்றுவதுபோல் இருக்கிறது,
வாய் தவறி அவரிடமே சொல்லிவிட்டேன்.
"வத்தட்டும். வத்தினாதான பிளாட் போட முடியும்."

ஒரு வாரம் ரெண்டு மணி நேரம் தாமதம்.
காரணம் எழுதக் கட்டமிருந்தது.
கொருக்குப்பேட்டை கேட்டு, கூட்ஸ் வண்டி, என்று எழுதினேன்.
பெங்களூரிலிருந்து விளக்கம் கேட்டார்கள்.

வீட்டில் ஒழுங்காக வேலை செய்வது ஒரு பிளக்.
மகள் சூசீலா தன் போனைப் பிடுங்கிவிட்டுப்
பெட்டியைச் செருகுகிறாள்.
கூட வந்த அன்று வராந்தாவில் என்னை மடக்கினாள்:
"உள்ள காத்து வருதாக்கா, இல்ல சும்மா லைட்டா?"
படிவத்தில் உள்ளதைச் சொன்னேன்.
அவள் என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.
அதில் ஒன்றும் அச்சாகியிருக்கவில்லை.

ஒன்பதாம் வாரம்.
கட்டைப் பிரிக்கையில் சொன்னார்:
"நேத்து ராத்திரி டம்ளர்ல தண்ணி மொண்டு வெச்சேன்.
டியூப்ப உருவி உள்ள வுட்டா தெரிஞ்சிடும்.
முட்ட முட்டையா வந்தா நெசம்."

என் பேனா நின்றது.
தெரிந்துகொண்டால் அவரை நீக்க வேண்டும்,
பெட்டியைத் திருப்பி வாங்க வேண்டும்.
"பார்த்தீங்களா?"
"ம்ஹூம். தண்ணிய குடிச்சிட்டேன்."

பஞ்சை மாற்றினேன்.
"வரலைன்னு வெச்சுக்கோ,
காலைல எத்தக் கட்டிக்கினு எழுந்திரிக்கிறது?"

மூன்று புள்ளி இரண்டு.
ஓரத்தில் புதுத்தோல், ஈரமான ரோஸ்.
ஒன்பது வாரமாக லாரி ஏறவில்லை,
அதனாலேயே ஆறுகிறதோ என்னவோ.
தவணை கேட்டு வருகிறவனிடம்
சொல்ல முடியாத மருந்து அது.

'விதிமீறல் ஏதேனும்?'
இல்லை என்று எழுதினேன்.
வெளியே பதினெட்டாம் எண்
காலில் பாலிதீன் பை கட்டி உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் அலமாரியைப் பூட்டும்போது
யாருக்கும் தராத முப்பத்தியோராம் பெட்டியை
சும்மா ஆன் செய்தேன்.
பச்சை.
குழாயின் நுனியைக் கன்னத்தருகே கொண்டுபோனேன்.
ஏதோ பட்டது.
தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
சுவிட்ச் கைக்கெட்டும் தூரம்தான்.
நிறுத்தவில்லை.